நாங்கள் ஏந்த மறுத்த பிள்ளை

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் அந்தக் காலத்தில் எனக்கு முகம் சுருங்கிப் போகும். கம்பவுண்டர் என்று சொன்னால் மரியாதைதான். ஆனால் எந்த ஆஸ்பத்திரி என்று அடுத்த கேள்வி வரும். தூத்துக்குடியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. அதைச் சொன்னதும் கேட்டவர் என்னை மேலும் கீழும் பார்ப்பார். கல்யாணமாகாத பயலுக்கு அங்கே என்ன வேலை என்று அவர் வாய் கேட்காது, கண் கேட்கும்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். கம்பவுண்டர் வேலையும் தெரியும், வண்டி ஓட்டவும் தெரியும். ஒரு சம்பளத்துக்கு இரண்டு ஆள் கிடைத்தது என்று ஆஸ்பத்திரித் தலைவியான மதர் அம்மா என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். எழுபதுகளில் அந்த ஆஸ்பத்திரிக்குப் பழைய வேன் ஒன்று இருந்தது. புதன்கிழமைதோறும் அதில் சத்து மாத்திரையும் பால்மாவும் ஏற்றிக்கொண்டு, வடக்கே கீழவைப்பார் பக்கத்துக் கடற்கரை ஊர்களுக்குப் போவேன். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அவற்றைக் கொடுத்து, மாதம் நெருங்கியவர்களை ஏற்றிக்கொண்டு வர வேண்டும்.

முதலில் ஒரு சிஸ்டர் என்னோடு வந்தார்கள். உப்பளத்தைத் தாண்டுவதற்குள் வேனின் குலுக்கலில் அவர்களுக்குக் குமட்டிக்கொண்டு வந்துவிடும். இறங்கியதும் ஊர்ப் பெண்கள் ஓடிவந்து அவர்கள் முதுகைத் தடவிவிடுவார்கள். ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும், புதிதாகப் பார்க்கிறவனுக்கு யார் பிள்ளைத்தாய்ச்சி என்று தெரியாது. கொஞ்ச நாளில் அவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். நான் தனியாளானேன்.

கரையில் வலை உலர்த்துகிறவர்கள் வேனைக் கண்டதும் ஆரம்பித்துவிடுவார்கள்.

"ஏலே, பேறுகாலக் கம்பவுண்டர் வாரான்! எவனாவது மாசமா இருந்தா வந்து ஏறுங்கல!"

சிரித்துக்கொண்டே கையை ஆட்டிவிட்டுப் போவேன். காது மட்டும் ஊர் எல்லை தாண்டும் வரை எரியும்.

அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில், மாதா கோயிலை ஒட்டிய பூவரசு நிழலில் வேனை நிறுத்துவது வழக்கம். எதிரே ஓடு வேய்ந்த ஒற்றை அறை, அரசாங்க சப்-சென்டர். அதில் ஒரு நர்சம்மா இருந்தாள். மணப்பாட்டுப் பக்கம் சொந்த ஊர். எங்களைப் போலவே வேதக்கார, அதாவது கத்தோலிக்கக் குடும்பம். வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்ப்பது அவள் வேலை. நான் ஒரு பெண்ணை வேனில் ஏற்றினால் அவளுக்கு ஒரு பிரசவம் குறையும். அவள் ஒரு பெண்ணை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டால் நான் வெறும் வேனோடு திரும்பி மதர் அம்மா முன்னால் தலையைச் சொறிய வேண்டும்.

பால்மாவு என்னிடம் இருந்ததால் கூட்டமும் என்னிடம் இருந்தது. அவள் வாசற்படியில் நின்று கேட்பாள்.

"கம்பவுண்டர் சார், பால்மாவு தீந்துபோனா பிள்ளை வெளிய வர மாட்டேன்னு சொல்லிருமோ?"

பெண்கள் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு ரோஷம் வந்துவிடும்.

"எங்க ஆஸ்பத்திரியில டாக்டரம்மா இருக்காவ. ஒங்க பையில என்ன இருக்கு நர்சம்மா?"

"பையில கத்திரி இருக்கு. கை ரெண்டும் வெளியதான் இருக்கு, பாத்துக்கிடுங்க."

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். நான் பார்க்கக் கூசிப் பால்மாவு மூட்டையைப் பார்த்தேன். அன்றைக்கு ஜெயித்தது யார் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

நானும் சும்மா இருக்கவில்லை. வேன் வந்ததும் கோயில் மணியை நாலு தட்டு தட்டச் சொல்லி கோயில் காரியம் பார்க்கும் உபதேசியாரிடம் பேசி வைத்தேன். இரண்டு புதன் நடந்தது. மூன்றாவது புதன் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மணி மாதாவுக்கா, பால்மாவுக்கான்னு நர்சம்மா கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

வெளியே வந்தபோது அவள் சப்-சென்டர் வாசலில் மும்முரமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியையே திரும்ப உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஊரில் சங்கு குளிக்கிறவர் ஒருவர் இருந்தார். அவருடைய முதல் பிள்ளை வீட்டில் பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டது. அது அவளோ நானோ அந்த ஊருக்கு வருவதற்கு முன்னால் நடந்தது. அதனால் இரண்டாவது பிள்ளை ஆஸ்பத்திரியில்தான் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். ஒரு புதன்கிழமை மத்தியானம் நான் வேனைத் திருப்புகிற நேரத்தில் அவர் மனைவிக்கு வலி கண்டுவிட்டது. அவரும் அவர் தாயாரும் அந்தப் பெண்ணைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். நர்சம்மா குறுக்கே வந்து, அந்தப் பெண்ணின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"கம்பவுண்டர் சார், வெளையாட்டுக்குச் சொல்லல. தல எறங்கிட்டு. டவுன் வரைக்கும் தாங்காது. இங்கனயே பாத்துக்கிடலாம்."

சங்குக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவள் பேச்சில் போட்டியை மட்டும்தான் கேட்டேன்.

"அதெல்லாம் சேத்துருவேன். ஏறுங்க அண்ணாச்சி," என்றேன்.

ஊரைத் தாண்டி உடைமரக் காட்டுக்குள் பாதை மணலில் இறங்கும் இடத்தில் வேனின் பின்சக்கரம் புதைந்துவிட்டது. சங்குக்காரர் இறங்கித் தள்ளினார். நான் முடுக்க முடுக்கச் சக்கரம் இன்னும் ஆழமாகத் தோண்டிக்கொண்டு போயிற்று. உள்ளே அவர் தாயார் மாதாவைக் கூப்பிடும் சத்தம் மாறியது. பிள்ளை வந்துவிடப் போகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்த வழியே ஓடினேன்.

அவளிடம் போய் எப்படிக் கேட்பது, என்ன சொல்லி நிற்பது என்று ஓடும்போதெல்லாம் மனசு குறுகிக்கொண்டே வந்தது. ஆனால் சப்-சென்டர் வரை ஓட வேண்டியிருக்கவில்லை. பாதித் தூரத்தில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த வெயிலில் அவள் எதிரே வந்துகொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

"மணல்லயா?" என்றாள்.

"ஆமா."

"நடங்க." அவ்வளவுதான். ஒரு குத்தல் பேச்சு இல்லை. அவள் ஏதாவது குத்திச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வேனின் பின்கதவைத் திறந்து வைத்து, மறைப்புக்கு ஒரு சேலையை என் கையில் கொடுத்து, இரண்டு கையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கச் சொன்னாள். சங்குக்காரர் ஒரு உடைமரத்தடியில் போய் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டார். தண்ணிக்குள்ளே மூச்சை அடக்குகிற மனுஷனுக்கு அன்றைக்குக் கரையில் மூச்சு நிற்கவில்லை. நான் சிலுவையில் கிடப்பவனைப் போலக் கையை விரித்துக்கொண்டு நின்றேன். பயத்தில் செபமாலை சொல்ல ஆரம்பித்தேன், வாய்விட்டு. ஆண்டவர் பூங்காவனத்தில் இரத்த வேர்வை வேர்த்ததைத் தியானிப்போமாக என்று தொடங்கி, கல்தூணில் கட்டுண்டு அடிபட்டது வரை வந்துவிட்டேன்.

சேலைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"கம்பவுண்டர் சார், இன்னைக்குப் புதன்கெழம."

"ஆமா, புதன்."

"புதன்கெழம மகிமைத் தேவரகசியம்லா? நீங்க துக்கத்தைச் சொல்லிக்கிட்டு நிக்கீய. பிள்ளை வார நேரத்துல அடியும் முள்முடியுமா சொல்லுவாவ? உயிர்த்தெழுந்ததச் சொல்லுங்க. கையத் தாழ்த்தாதீய."

செபமாலையில் கிழமைக்கு ஒரு தியானம் என்று முறை உண்டு. நான் அப்படியே மாற்றி, ஆண்டவர் உயிர்த்தெழுந்ததிலிருந்து தொடங்கினேன். பரலோகத்துக்கு எழுந்தருளினது வருவதற்குள் பிள்ளையின் அழுகைச் சத்தம் கேட்டது. பெண் பிள்ளை. எனக்குக் கண்ணில் நீர் வந்தது. துடைக்கக் கை இல்லை. அந்த நேரத்தில், கையை விரித்துக்கொண்டு, மூக்கும் கண்ணும் ஒழுக, கடலைப் பார்த்து நின்றபோதுதான், எனக்குப் பின்னால் நிற்கிறவள் மேல் எனக்கு வந்திருப்பது போட்டி இல்லை என்று தெரிந்தது. அதை நினைத்த மாத்திரத்தில் திரும்பி அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் போய்விட்டது.

சங்குக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு சொன்னார்.

"வே, வேன் ஒம்மது. கை அவியளது. நீரு ஞானத்தகப்பன், நர்சம்மா ஞானத்தாய். வார ஞாயித்துக்கெழம ஞானஸ்நானம். ரெண்டு பேரும் ஏந்துதீய. மறு பேச்சு கெடையாது."

என் நெஞ்சில் யாரோ நங்கூரத்தை இறக்கியது போல இருந்தது.

எங்கள் கடற்கரையில் அப்போதெல்லாம் ஒரு முறை உண்டு. ஞானஸ்நானத்தில் ஒரு பிள்ளையைச் சேர்ந்து ஏந்துகிற ஆணும் பெண்ணும் அன்றிலிருந்து உறவாகிவிடுவார்கள், உடன்பிறந்தவர்களைப் போல. அப்புறம் அவர்களுக்குள் கல்யாணப் பேச்சே எடுக்கக்கூடாது. எங்கள் தெருவிலேயே பேசி முடித்த ஒரு கல்யாணம் இதனால் நின்றுபோனதாகச் சின்ன வயசில் கேட்டிருக்கிறேன். அதே சமயம், பிள்ளையை ஏந்தக் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்வது பெரிய அவமரியாதை. அந்தப் பிள்ளையின் ஆத்துமத்தையே வேண்டாம் என்று தள்ளுவதாக எடுத்துக்கொள்வார்கள். அதிலும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த வீடு.

ஏந்தினால் அவள் எனக்கு இல்லை. ஏந்த மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டும். அவளிடமே சொல்லாத காரணத்தை ஊரிடம் எப்படிச் சொல்வது? அவளுக்கு என் மேல் அப்படி ஒரு எண்ணம் இல்லையென்றால் நான் எந்த முகத்தோடு மறு புதன் வேனைக் கொண்டுவருவேன்?

வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு எடை பார்க்கும் சாக்கில் அந்த ஊருக்குப் போனேன். நேரே சப்-சென்டர் வாசலில் போய் நின்றேன்.

"என்ன வேணும்?" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்செல்லாம் மறந்துபோய், வாயில் வந்ததைக் கேட்டேன்.

"கொஞ்சம் பஞ்சு இருக்குமா?"

அவள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். பூவரசு நிழலில் வேன் பின்கதவு திறந்து கிடந்தது. ஒரு மூட்டை பஞ்சு அதிலிருந்து பிதுங்கிக்கொண்டு நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்காமலே தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு துண்டு பஞ்சு எடுத்து வந்து கொடுத்தாள்.

"ஞாயித்துக்கெழம வாரீயல்லா?" என்றாள்.

"வாரேன். நீங்க?"

"கூப்பிட்டுட்டாவளே."

"ஆமா, கூப்பிட்டுட்டாவ."

பஞ்சைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். சனிக்கிழமை தூத்துக்குடியில் ஒரு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். பாவமில்லாததை அங்கே சொல்லி என்ன செய்ய என்று வேறு நாலு பாவத்தைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பின்னால் பட்ட பாடு பட்டிருக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயிலின் பின்கதவுப் பக்கம் ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றி எல்லாரும் நின்றோம். சங்குக்காரர் புதுச் சட்டை போட்டிருந்தார். அவர் தாயார் பிள்ளையை வைத்திருந்தார்கள். பூசைக்கு வந்த கூட்டத்தில் பாதி கலையாமல் நின்றது. பங்குச் சாமியார் புத்தகத்தை விரித்தார்.

"ஞானத்தகப்பன் முன்னால வா."

நான் யோசித்து வைத்திருந்த பொய்யை எடுத்தேன். "சாமி, எனக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கு. பிள்ளைக்கு ஒட்டிக்கிடும். வேற ஆளு..."

சங்குக்காரரின் தாயார் ஒரு எட்டு வைத்து என் நெற்றியில் புறங்கையை வைத்தார்கள்.

"காய்ச்சலா? பானைத்தண்ணி மாதிரி சில்லுனு கெடக்கு."

கூட்டத்தில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். சாமியார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். எனக்கு இன்னொரு பொய் அகப்படுவதற்குள் பக்கத்திலிருந்து அவள் குரல் கேட்டது. மெதுவாகத்தான் கேட்டது.

"சாமி, நானும் ஏந்தல."

சங்குக்காரர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகம் விழுந்துபோனதை நான் பார்த்தேன். அவர் தாயார் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்கள்.

"ஏன் நர்சம்மா? மணல்ல கெடந்து நீங்கதான் எடுத்தீய. எடுக்கும்போது கூசாத கை ஏந்தும்போது கூசுதோ? ஒரு பிள்ளை செத்த வீடுன்னு ராசி பாக்கீயளோ?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல அத்தை," என்றாள் அவள்.

"பெறவு என்னன்னு சொல்லுங்க."

அவள் தொட்டியின் கல் விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஏன் மறுத்தாள் என்று எனக்கு அப்போதும் உறுதியாகத் தெரியாது. ஆனால் அந்தத் தாயாரின் குரல் உடைந்ததைக் கேட்டுக்கொண்டு வாயை மூடி நிற்க முடியவில்லை. அந்த வீட்டுக்கு அப்படி ஒரு எண்ணத்தை விட்டுவிட்டுப் போவதைவிட என் மானம் போவது மேல் என்று தோன்றியது.

"சாமி," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "வீட்டுக்கு ஒண்ணுமில்ல. பிள்ளைக்கும் ஒண்ணுமில்ல. பிள்ளைய ஏந்துனா... அவியளுக்கும் எனக்கும் முறை மாறிப் போவும்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு தரை பிளந்து என்னை எடுத்துக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது. பிறகு சங்குக்காரர் மெல்ல, கடலடியில் சங்கைத் தடவுகிறவரைப் போலக் கேட்டார்.

"அப்போ நர்சம்மாவும் அதுக்குத்தானா?"

அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். காது மட்டும் வெளியே தெரிந்தது. செம்பருத்திப் பூ மாதிரி சிவந்திருந்தது.

பெண்கள் பக்கம் முதலில் ஒரு சிரிப்பு வந்தது. அப்புறம் அது கோயில் முழுதும் பரவிவிட்டது. சாமியார் புத்தகத்தை மூடி அதனால் தன் வாயை மறைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"யாரு உங்களுக்கு இதைச் சொன்னது? ஏந்துறவங்களுக்கும் பிள்ளைக்கும்தான் ஞான உறவு. ஏந்துற ரெண்டு பேர் கல்யாணம் செய்யக் கூடாதுன்னு திருச்சபைச் சட்டத்துல எங்கேயும் கிடையாது. தாராளமா ஏந்துங்க. தாராளமா மத்ததையும் செய்யுங்க."

ஆக, ஊர் முன்னால் நான் அவிழ்த்துப் போட்டது வீணுக்கு. இதை ஒரு கேள்வியில் தெரிந்திருக்கலாம். நான் தலையைக் குனிந்துகொண்டு பிள்ளைக்குக் கையை நீட்டினேன். சங்குக்காரரின் தாயார் பிள்ளையைத் தரவில்லை.

"இருங்க. சாமி, ஒங்க சட்டம் ரோமாபுரியில இருக்கட்டும். எங்க கரையில முறைன்னா முறைதான். நாளைக்கு எவளாவது ஒருத்தி இவியளப் பாத்து நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசக் கூடாது. இவிய ஏந்த வேண்டாம்." கூட்டத்துக்குள் பார்த்து, தன் மகளைக் கூப்பிட்டார்கள். "ஏளா, நீயும் ஒன் மாப்பிள்ளையும் வந்து ஏந்துங்க." பிறகு நர்சம்மாவைப் பார்த்து, வேறு குரலில், "இத முன்னாலயே என்கிட்ட சொல்லக் கூடாதாம்மா?" என்றார்கள்.

எங்களைச் சும்மா நிற்க விடக்கூடாது என்று சாமியார் எரிகிற மெழுகுதிரியை என்னிடமும், வெள்ளைத் துணியை அவளிடமும் கொடுத்து இரண்டு பக்கமும் நிறுத்தினார். மெழுகு உருகி என் விரலில் வடிந்தது. வலித்ததாக நினைவில்லை. ஒரு தடவை தலையை நிமிர்த்தினேன். அதே நேரத்தில் அவளும் நிமிர்ந்தாள். இருவரும் உடனே குனிந்துகொண்டோம்.

முடிந்ததும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வேனுக்கு ஓடினேன். வேன் கிளம்பவில்லை. நாலு தடவை சாவியைத் திருப்பினேன். முக்கிவிட்டு அடங்கிப்போயிற்று. கோயிலிலிருந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டேன். கரையில் வலை உலர்த்துகிற ஒருவர் கூட்டத்திலிருந்து கத்தினார்.

"ஏலே, ஞானத்தகப்பன் ஆவாத கம்பவுண்டர் வேன் நிக்கு, வந்து தள்ளுங்கல!"

ஊரே சேர்ந்து தள்ளியது. புதுச் சட்டையோடு சங்குக்காரர் தள்ளினார். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். பெண்கள் அவளையும் இழுத்துக்கொண்டு வந்து வேனில் கை வைக்க வைத்திருந்தார்கள். அவள் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு கையால் மட்டும் தள்ளினாள். வேன் உறுமிக்கொண்டு கிளம்பியது.

சங்குக்காரர் பின்னாலிருந்து கத்தினார். "பாத்தியளா? நர்சம்மா கை வச்சாத்தான் அந்த வேன்ல எதுவும் நடக்கும்!"

நிறுத்தி இறங்கி அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். நிறுத்தினால் திரும்பக் கிளம்பாதே என்ற பயத்தில் உப்பளம் வரை நிறுத்தாமல் ஓட்டினேன். உண்மையில் வேனுக்காகவா ஓட்டினேன் என்று அந்தப் பிள்ளையைப் படைத்த ஆண்டவருக்குத் தெரியும்.

மறு புதன் சப்-சென்டர் வாசலில் போய் நின்றேன். கரையில் வலை உலர்த்துகிறவர்கள் வலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். பால்மாவுக்கு வந்த பெண்கள் வேனை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அவள் என்னைக் கண்டதும் உள்ளே போனாள். ஒரு பெரிய கட்டுப் பஞ்சைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இதுக்குத்தான வந்தீய?"

"இல்ல."

"அப்போ என்னத்துக்குன்னு இப்பமாவது எங்கிட்ட சொல்லுங்க. ஊருக்கே சொல்லிட்டீய, எங்கிட்ட மட்டும் இன்னும் சொல்லல."

சொன்னேன். தரையைப் பார்த்துத்தான் சொன்னேன். அவளும் பஞ்சைப் பிய்த்துக்கொண்டேதான் கேட்டாள்.